அப்பாவோட அஞ்சு மாச தலைவலிக்கு காரணம் கண்டுபிடிச்ச நியூரோ வார்டு

அப்பாவோட நாள்பட்ட மூளைக்காய்ச்சலுக்கு வைத்தியம் பாத்த இந்த அரசு ஆஸ்பத்திரிக்கு நான் குடுக்குற ஸ்டார் பத்தி மொதல்ல சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலு. ஒண்ணு ஏன் கொறைச்சேன்னு கீழ எழுதிருக்கேன். ஆனா அந்த நாலும் ஒரே ஒரு கேள்விக்காக குடுத்தது. "அய்யா, உங்க ஆடு எதாச்சும் இந்த வருஷம் குட்டி வீசுச்சா?" குட்டி வீசுறதுன்னா நாள் நெறையாம கரு கலைஞ்சு விழுறது. இந்த கேள்விய கேட்டது இந்த ஆஸ்பத்திரி நியூரோ வார்டுல மேல்படிப்பு படிச்சிட்டு இருக்குற ஒரு டாக்டரம்மா. அதுக்கு முன்னாடி அஞ்சு மாசத்துல அப்பாவை பாத்த யாருமே அவர் என்ன வேலை பாக்குறார்னு கூட கேக்கல.

எங்களுக்கு ஊர் சிவகங்கை பக்கம். அப்பாவுக்கு 58 வயசு, நாப்பது வெள்ளாடு வச்சிருக்கார், அதுதான் அவருக்கு எல்லாம். போன வருஷம் ஆடி மாசம் காய்ச்சல் ஆரம்பிச்சது. சாயங்காலம் ஆனா உடம்பு காயும், ராத்திரி வேர்த்து பாயெல்லாம் நனைஞ்சிரும், காலைல ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிச்சு ஆட்டை ஓட்டிட்டு போயிடுவார். இடுப்பு வலி வேற. டெங்கு பாத்தாங்க டைஃபாய்டு பாத்தாங்க, ஊசி போட்டாங்க, ரெண்டு நாள் நிக்கும் திரும்ப வரும். அப்புறம் தலைவலி சேந்துகிட்டது, குனிஞ்சா தலை வெடிக்குதுன்னு சொல்வார், காலைல வாந்தி. அஞ்சாவது வாரம் ஒரு நாள் அம்மாவை பாத்து அத்தை பேரை சொல்லி கூப்பிட்டார். அன்னைக்குத்தான் நான் திருப்பூர்ல இருந்து பஸ் ஏறி வந்தேன்.

மொதல்ல சேத்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரில, பேர் வேண்டாம். முதுகுல ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி இருக்குற தண்ணிய எடுத்துட்டு மூளைக்காய்ச்சல், டிபியா இருக்கும்னு சொல்லி டிபி மாத்திரையும் வீக்கம் குறையுறதுக்கு ஸ்டீராய்டும் ஆரம்பிச்சாங்க. அதுல எனக்கு இப்பவும் வருத்தம் இல்ல. நம்ம ஊர்ல வாரக்கணக்கா இழுக்குற மூளைக்காய்ச்சல்னா மொத சந்தேகம் டிபி மேலதான் போகணும், டிபியா இருந்து மருந்து தாமதமானா ஆள் போயிரும், அதனால டெஸ்ட்ல தெரியாட்டியும் சந்தேகம் பலமா இருந்தா ஆரம்பிச்சிடுறதுதான் சரின்னு இங்க பெரிய டாக்டரே சொன்னார். என் வருத்தம் வேற. எடுத்த தண்ணி ரொம்ப கொஞ்சம், அதுல டிபி டெஸ்ட் நெகட்டிவ் வந்துச்சு, அதோட விட்டுட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சும் ஆள் முழுசா தேறலையே, நாம நெனச்சது தப்பா இருக்குமோன்னு யாரும் திரும்பி பாக்கல, மாத்திரை ஒழுங்கா போடலையான்னு எங்களைத்தான் கேட்டாங்க. அம்மா ஒரு வேளை கூட விட்டது கிடையாது.

இந்த நாள்பட்ட மூளைக்காய்ச்சல் பத்தி எனக்கு புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன், வேற யாருக்காச்சும் உதவும். மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி ஒரு உறை இருக்கு, அதுல வர்ற அழற்சிதான் இது. சாதாரண மூளைக்காய்ச்சல் ரெண்டு மூணு நாள்ல ஆளை சாய்ச்சிரும். இது அப்படி இல்ல, நாலு வாரத்துக்கு மேல இழுத்துக்கிட்டே இருக்கும், அதைத்தான் நாள்பட்டதுன்னு சொல்றாங்க. தலைவலி, லேசான காய்ச்சல், எடை கொறையுறது, ஞாபகம் தடுமாறுறது, கண்ணு ரெண்டு ரெண்டா தெரியுறது, காது மந்தம். எல்லாம் மெதுவா வர்றதால வயசாயிருச்சு, வெயில்ல அலையுறார்னு நாமளே காரணம் சொல்லிக்குவோம். நாங்களும் அதைத்தான் பண்ணோம்.

மாத்திரை ஆரம்பிச்ச மொத மாசம் நல்லா தெளிஞ்சார், காய்ச்சல் விட்டுச்சு. ஸ்டீராய்டை கொறைச்சு நிறுத்தினதும் கார்த்திகைல பழையபடி ஆயிட்டார். நடந்தா தள்ளாடுச்சு. காது கேக்கலைங்கறதை நாங்க கண்டுபிடிச்ச விதம் இன்னும் மனசை அறுக்குது. அவருக்கு ஆட்டு மணி சத்தத்துலயே எந்த ஆடு எங்க மேயுதுன்னு தெரியும். ஒரு நாள் முன்னோடி கிடா பின்னாடி வேலிக்குள்ள மாட்டிக்கிட்டு மணி அடிச்சிட்டே கெடக்கு, இவர் பத்தடி தள்ளி உக்காந்து அதைத் தேடிட்டு வரச்சொல்லி தம்பிய அனுப்புறார்.

மார்கழி மாசம் இங்க கொண்டு வந்தோம். அரசு ஆஸ்பத்திரின்னு சொந்தக்காரங்க பயமுறுத்தினாங்க. ஓ.பி.ல ரெண்டு மணி நேரம் நின்னோம், ஆனா உள்ள போனதும் பைலை பாத்துட்டு அன்னைக்கே அட்மிஷன் போட்டாங்க. சாயங்காலம் அந்த டாக்டரம்மா வந்து ஸ்டூலை இழுத்து போட்டு உக்காந்தாங்க, முக்கால் மணி நேரம் எந்திரிக்கல. என்ன வேலை, எந்த ஊருக்கெல்லாம் போனீங்க, வீட்ல யாருக்காச்சும் டிபி இருந்துச்சா, பன்னி வளக்குறவங்க பக்கத்துல இருக்காங்களா, புறா இருக்கா, சுகர் இருக்கா, கூச்சப்படாம சொல்லுங்கன்னு சொல்லி அந்தரங்க கேள்வியும் கேட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்காம், பன்னி நாடாப்புழுவோட முட்டை வயித்துக்குள்ள போனா மூளை உறைல நீர்க்கட்டி மாதிரி வளரும், புறா எச்சத்துல ஒரு பூஞ்சை இருக்கும், சிபிலிஸ்ங்கற பால்வினை நோய் பழசானா மூளைக்கு ஏறும். அப்புறம்தான் ஆடு கேள்வி. அப்பாவுக்கு காது கேக்காததால டாக்டரம்மா அவர் காதுகிட்ட குனிஞ்சு சத்தமா கேட்டாங்க. அவர் உடனே சொல்லிட்டார், "ஆமா தாயி, வைகாசில நாலு ஆடு குட்டி வீசிருச்சு, நான்தான் கையை விட்டு எடுத்தேன்." வெறும் கைலயா? வெறும் கைதான். ஆட்டுப்பால் குடிப்பீங்களா? கறந்த சூட்டோட, தெனம் ஒரு டம்ளர். டாக்டரம்மா பேனாவை வச்சுட்டு ஒரு நிமிஷம் அப்பா கையையே பாத்தாங்க. முள்ளு கிழிச்ச கோடு முழங்கை வரைக்கும் இருக்கும் அவருக்கு.

மறுநாள் திரும்ப முதுகுத் தண்ணி எடுத்தாங்க. நான் வெளிய போக மாட்டேன்னு சொல்லி பக்கத்துலயே நின்னேன். அப்பாவை ஒருக்களிச்சு படுக்க வச்சு, முழங்காலை நெஞ்சோட சேத்து குழந்தை மாதிரி சுருட்டி பிடிச்சுக்கிட்டாங்க. இடுப்பெலும்பு மட்டத்துல தடவி பாத்து மரத்துப்போற ஊசி போட்டுட்டு பெரிய ஊசிய உள்ள விட்டாங்க. அந்த எடத்துல தண்டுவடம் இல்லம்மா, அதுக்கு மேலயே முடிஞ்சிரும், அதனால பயப்படாதீங்கன்னு எங்கிட்ட சொன்னாங்க. மொதல்ல ஒரு கண்ணாடி குழாயை நிமித்தி மாட்டி தண்ணி எவ்வளவு உயரம் ஏறுதுன்னு அளந்தாங்க, அதுதான் மூளைக்குள்ள இருக்குற அழுத்தமாம், மொத ஆஸ்பத்திரில இதை செய்யவே இல்ல. அப்புறம் சொட்டு சொட்டா பாட்டில்ல புடிச்சாங்க. பச்சைத்தண்ணி மாதிரி தெளிவாத்தான் இருந்துச்சு, இதுக்குள்ளயா அவ்வளவு வியாதின்னு தோணுச்சு. நாலு பாட்டில், மொத்தம் பத்து மில்லி. டிபி கிருமியும் பூஞ்சையும் தண்ணில ரொம்ப கொறைச்சலா இருக்கும், அதனால கொஞ்சமா எடுத்தா இருந்தும் தெரியாதுன்னு சொன்னாங்க. பாட்டிலை அட்டெண்டர்கிட்ட குடுக்காம டாக்டரம்மாவே லேபுக்கு எடுத்துட்டு நடந்தாங்க.

ரிசல்ட்ல வெள்ளணு ஜாஸ்தியா 110, கிட்டத்தட்ட எல்லாமே லிம்போசைட்ங்கற வகை, சுகர் ரொம்ப கொறைச்சலா 28, அதே நேரத்துல ரத்தத்துல 120, புரோட்டீன் ரொம்ப ஜாஸ்தி. இது டிபிக்கும் பொருந்துமாம், பூஞ்சைக்கும் பொருந்துமாம், அதனால இதை வச்சு மட்டும் பேர் சொல்ல முடியாது. கிருமியோட மரபணுவ தேடுற ஜீன் டெஸ்ட் டிபிக்கு திரும்பவும் நெகட்டிவ், பூஞ்சை டெஸ்ட் நெகட்டிவ், எச்.ஐ.வி. நெகட்டிவ், சிபிலிஸ் நெகட்டிவ். ஆடு மாட்டை குட்டி வீச வைக்கிற புரூசெல்லாங்கற கிருமி இருக்கு, பச்சைப்பால்லயும் குட்டி எடுக்குற கைலயும் மனுஷனுக்கு தொத்தும், அதுக்குத்தான் அந்த ஆடு கேள்வி. அதுக்கான டெஸ்ட் இங்க இல்ல, வெளிய அனுப்பினாங்க, ரத்தத்துலயும் முதுகுத் தண்ணிலயும் ரெண்டுலயும் வந்துச்சு. ரத்தத்தை 160 மடங்கு கரைச்ச பிறகும் டெஸ்ட்ல தெரிஞ்சாலே (1:160) சந்தேகப்படுவாங்களாம், அப்பாவுக்கு அதை விட எவ்வளவோ மேல. கிருமிய வளத்து பாக்குற கல்ச்சருக்கு அனுப்பும்போது சீட்டுல சிவப்பு மையில புரூசெல்லா சந்தேகம்னு எழுதினாங்க, எதுக்குன்னு கேட்டேன், இந்த கிருமி லேப்ல வேலை செய்யுறவங்களுக்கே ஈசியா தொத்திக்கும், முன்னாடியே சொல்லிட்டா அவங்க பாதுகாப்பா கையாளுவாங்கன்னாங்க. கிருமி மெதுவா வளரும்கறதால சீக்கிரம் தூக்கிப்போடாதீங்கன்னும் சொல்லி அனுப்பினாங்க.

அப்போ டிபி மாத்திரைல மொத மாசம் ஏன் தேறினார்னு நான் கேட்டேன். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ்ல நின்னு பதில் சொன்னார். டிபி மாத்திரைல இருக்குற ரிஃபாம்பிசின் இந்த கிருமியையும் அடிக்கும். ஆனா தனியா அதால முடியாது, கூட வேற மருந்து வேணும். அதனால பாதி அடிபட்டு பதுங்கிருச்சு, ஸ்டீராய்டும் அறிகுறிய மூடி வச்சிருச்சு. தேறுறாரே அப்போ டிபிதான்னு எல்லாரும் நம்பிட்டாங்க. இதை கேட்டதும் எனக்கு அழுகை வந்துருச்சு, ஏன்னா அந்த மொத மாசம் நாங்க கோயில்ல பொங்கல் எல்லாம் வச்சோம்.

இந்த புரூசெல்லா நோய் ஒண்ணும் புதுசு இல்லையாம். 1887ல மால்டா தீவுல டேவிட் புரூஸ்னு ஒரு ராணுவ டாக்டர் காய்ச்சல்ல செத்த சிப்பாய்ங்ககிட்ட இருந்து கிருமிய கண்டுபிடிச்சார், 1905ல அது ஆட்டுப்பால்ல இருந்து வருதுன்னு அந்த ஊர் டாக்டர் சாமிட் கண்டுபிடிச்சார், மால்டா காய்ச்சல்னு பேரே இருக்கு. மாட்டுக்கு வந்தா நம்ம கால்நடை டாக்டருங்க கன்று வீச்சு நோய்ம்பாங்க. மனுஷனுக்கு வந்தா மூளைக்கு ஏறுறது அபூர்வம், ஏறினா காது நரம்பை பிடிக்கிறது இதோட குணம்னு சொன்னாங்க.

பக்கத்து பெட்டுல ஒரு தம்பிக்கு பூஞ்சை மூளைக்காய்ச்சல். அவனுக்கு தலைக்குள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கும், தலையை பிடிச்சுக்கிட்டு கத்துவான், ரெண்டு நாளைக்கு ஒருக்கா முதுகுத் தண்ணி எடுத்து விடுவாங்க. எடுத்து பத்து நிமிஷத்துல கண்ணை தொறந்து டீ கேப்பான். மருந்து மட்டும் போதாது, அழுத்தத்தை எறக்குறதும் வைத்தியம்தான்னு அன்னைக்கு பாத்தேன். பூஞ்சைக்கு குடுக்குற ஆம்போடெரிசின் மருந்து டிரிப் ஓடும்போது குளிர் தூக்கி போடும் அவனுக்கு, சிஸ்டர் பக்கத்துலயே நிப்பாங்க, அந்த மருந்து பாதிக்கும்கறதால பொட்டாசியமும் கிட்னியும் தெனம் பாப்பாங்க. அந்த சிஸ்டருங்களை பத்தி எவ்வளவு எழுதினாலும் தகும்.

அப்பாவுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒரு மாசம், கூட டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின். டிபி கல்ச்சர் வளரலைன்னு உறுதியாகுற வரைக்கும் மத்த டிபி மாத்திரையையும் நிறுத்தல, ரிசல்ட் வந்ததும்தான் நிறுத்தினாங்க. மொத்தம் ஆறு மாசம், நடுவுல திரும்ப முதுகுத் தண்ணி எடுத்து பாத்துட்டுத்தான் முடிச்சாங்க. டாக்சிசைக்ளின் வயித்தை பெரட்டும், சாப்பிட்டு நெறைய தண்ணியோட போட்டுட்டு படுக்காம உக்காந்திருக்கணும். மருந்து முழுக்க இலவசம், எங்களுக்கு செலவு வெளிய பண்ண டெஸ்டும் சாப்பாடும்தான்.

இப்போ அந்த ஒரு ஸ்டார். எம்.ஆர்.ஐ.க்கு நாலு நாள் காத்திருந்தோம், வலியோட இருக்குற மனுஷனுக்கு நாலு நாள் ரொம்ப அதிகம். கூட இருக்குறவங்களுக்கு உக்கார எடம் கெடையாது, வார்டுல இருந்த பதினெட்டு நாளும் தம்பி வராண்டால பேப்பர் விரிச்சு படுத்தான். காது டெஸ்ட் எடுக்குற எடத்துக்கு மூணு தடவை நடந்தோம், ரெண்டு தடவை பூட்டியிருந்துச்சு. டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க இங்கிலீஷ்ல கிறுக்கலா இருக்கு, மாத்திரை வேளையையாவது தமிழ்ல எழுதி குடுங்கன்னு தயவா கேட்டுக்கறேன், எங்கம்மா மாதிரி படிக்காதவங்கதான் இங்க நெறைய பேர்.

டாக்டரம்மா சொல்லி வீட்ல எல்லாரும் ரத்தம் குடுத்தோம், அம்மாவுக்கு மட்டும் லேசா இருந்துச்சு, மாத்திரைலயே சரியாயிருச்சு. ஊர் கால்நடை டாக்டர் வந்து ஆடுங்களுக்கு ரத்தம் எடுத்தார், ஏழு ஆட்டுக்கு இருந்துச்சு, அதுகளை தனியா பிரிச்சு கட்டினோம். அப்பா ரெண்டு நாள் சாப்பிடல. இப்போ பால் பொங்குற வரைக்கும் காய்ச்சாம யாரும் தொடுறதில்ல, குட்டி எடுக்கும்போது கையுறை, நஞ்சுக்கொடிய ஆழமா தோண்டி சுண்ணாம்பு போட்டு புதைக்கிறார்.

தலைவலி சுத்தமா இல்ல, நல்லா நடக்குறார், எல்லார் பேரும் ஞாபகம் இருக்கு. வலது காது ஓரளவு வந்துருச்சு, இடது காது வரலை, வராதுன்னு சொல்லிட்டாங்க. ஆட்டை ஓட்டிட்டு போகும்போது மந்தைக்கு இடது பக்கமா நடக்குறார், மணி சத்தம் வலது காதுல விழணுமாம்.

இங்க வர்றவங்களுக்கு, நியூரோ ஓ.பி.க்கு ஏழரைக்குள்ள சீட்டு போட்டுருங்க. பழைய ஸ்கேனோட சிடி எடுத்துட்டு போங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது, படத்தையே பாக்கணும்பாங்க. இதுவரைக்கும் போட்ட மாத்திரையோட அட்டையையும் கைல வச்சுக்கோங்க. வீட்ல ஆடு மாடு இருந்தா அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே நீங்களா சொல்லிருங்க.