பூட்டிய பெட்டிக்குப் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள்

சரித்திர நாடகத்துக்கு உடை வாடகைக்கு எடுக்கப்போகும் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் கொடுத்திருக்கிறோம், அதனால் ஆளின் பெயரையும் கடையின் பெயரையும் போடவில்லை. அவர் தொழில் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். உங்களிடம் வந்தால் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

நாங்கள் திருச்சியில் 14 பேர். வங்கி, காப்பீட்டு அலுவலகம், பள்ளிக்கூடம், ஒரு மருந்துக்கடை என்று ஆளுக்கொரு பிழைப்பு. வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். இந்த முறை அம்பிகாபதி அமராவதி, கம்பரின் மகனும் சோழ இளவரசியும் காதலித்த கதை. சமூக நாடகம் என்றால் வீட்டுப் பீரோவே போதும். சோழன் அவை என்றால் கிரீடம், கேயூரம், இடைக்கச்சை, கம்பருக்குத் தாடி என்று பட்டியல் நீண்டுவிடும்.

யாரோ சொல்லி அவர் ஒத்திகைக்கே நேரில் வந்தார். நெற்றியில் விபூதி, கையில் பெரிய செல்போன். அதில் படம் படமாகத் தள்ளிக்காட்டினார். ஒவ்வொன்றும் கண்ணைப் பறித்தது. தாத்தா காலத்திலிருந்தே இதே தொழில் என்றார். மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் நடத்திய சிறுவர் நாடகக் குழுவான பால சபைக்குத் தாத்தாதான் உடை தைத்தாராம். அந்தச் சபை தொடங்கியது 1918. இவருக்கு அறுபது வயதிருக்கும், தாத்தா என்றால் காலம் பொருந்துகிறதே என்று நானே மனத்துக்குள் கணக்குப் போட்டு நம்பினேன். அவர் பாதிப் பொய் சொன்னால் மீதியை நாம் முடித்துக்கொடுக்கிறோம்.

மொத்தம் 38,000 ரூபாய் பேசினோம். முன்பணம் 20,000, அதற்கு மேல் திருப்பித் தரவேண்டிய டிபாசிட் 10,000. துண்டுச்சீட்டில் தேதி, தொகை, அதன் கீழே ‘22’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 22 செட் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பது அன்றைக்கு யார் கண்ணிலும் படவில்லை.

முந்தைய நாள் மாலையே உடை வந்துவிடும், போட்டுப்பார்த்து ஒத்திகை நடத்திக்கொள்ளலாம் என்பது பேச்சு. அன்று மாலை வண்டி துறையூரில் நிற்கிறது என்றார். இரவு, டிரைவருக்குக் காய்ச்சல். மறுநாள் காலை 10 மணிக்குக் கிளம்பிவிட்டது. மதியம் போனை எடுக்கவே இல்லை. நாடகம் 6.30க்கு. வண்டி வந்து நின்றபோது 5.35. இரண்டு தகரப் பெட்டிகள், இரண்டிலும் பூட்டு, சாவி அவர் இடுப்பில்.

“பாக்கியைப் போட்டுவிடுங்கள் மேடம், திறந்துவிடலாம்.”

முதலில் திறங்கள் என்றேன். “என் தொழிலில் அந்தப் பழக்கம் இல்லை மேடம்” என்று சொல்லிவிட்டு நிதானமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மூலதனமே அந்தக் கடிகாரம்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீக்கிரம் வந்திருந்தால் பெட்டியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருப்போம், இன்னும் தாமதித்திருந்தால் பணமே வந்திருக்காது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்படி வருவதற்கு அனுபவம் வேண்டும். 18,000 அனுப்பினேன். வண்டி வாடகை என்று இன்னொரு 2,500 கேட்டார், அதையும் அனுப்பினேன்.

பெட்டி திறந்ததும் அந்துருண்டையும் பழைய வியர்வையும் கலந்த நாற்றம். மேலாக இருந்தது ஊதா வெல்வெட் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், தோளில் குஞ்சம். பேண்டு வாத்தியக்காரர் போடுவது போன்றது. இதைத்தான் சோழ மன்னன் அணிய வேண்டுமாம். காலரின் உள்பக்கம் குண்டூசியால் குத்திய காகிதத்தில் பென்சிலில் ‘5 பி, கட்டபொம்மன்’ என்று இருந்தது. எந்தப் பள்ளி ஆண்டுவிழாவிலிருந்து நேராக வந்ததோ. கிரீடத்தில் மயிலிறகு செருகும் துளை. முந்தைய இரவு எந்த ஊரில் எந்தக் கண்ணன் வைத்திருந்தானோ. சரஸ்வதி கொட்டிக்கிழங்கு விற்கும் கிழவியாக வந்து கம்பரின் மகனைக் காப்பாற்றும் காட்சி ஒன்று உண்டு. அந்தக் கிழவிக்கு ஜிகினா வைத்த பாவாடை அனுப்பியிருந்தார்!

22 எங்கே என்று கேட்டேன். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து எண்ணினார். கோட்டு ஒன்று, கிரீடம் இரண்டு, மீசை மூன்று, இடுப்பு பெல்ட் நான்கு. கம்பரின் தாடி பதினேழாவது. “22 உருப்படி, சரியாக இருக்கிறதா மேடம்?”

கதை தெரிந்தவர்களுக்கு இது வலிக்கும். சிற்றின்பம் கலக்காமல் 100 பாடல் பாடினால் அமராவதி உனக்கு என்கிறான் மன்னன். மறைவில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தவள் காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிடுகிறாள். 99 முடிந்ததுமே எட்டிப்பார்க்கிறாள். அவன் அவளைப் பார்த்துப் பாடிவிடுகிறான், தலை போகிறது. மூன்று மாதம் இந்தக் காட்சியை ஒத்திகை பார்த்தவர்கள் நாங்கள். எதை எண்ணுகிறோம் என்று கேட்காமல் ஒரு சீட்டை வாங்கி மடித்து வைத்திருந்தோம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மன்னன், கம்பர், அம்பிகாபதி மூவரையும் சட்டையைக் கழற்றச் சொல்லி ஜரிகை வேட்டியைப் பஞ்சகச்சமாகக் கட்டிவிட்டோம். மருந்துக்கடைக்காரர் மகளின் பரதநாட்டிய நகைகள் ஆட்டோவில் வந்தன. அமராவதிக்கு என் அத்தையின் மயில்கழுத்து நிறச் சின்னாளப்பட்டு. அவசரத்தில் குத்திய ஊக்கு இடது தோளில் வெளியே தெரிந்தது. கிழங்குக் கிழவிக்கு அரங்கத்தைப் பெருக்கும் அம்மா தன் மாற்றுப் புடவையைக் கொடுத்தார். 25 நிமிடத் தாமதம். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களில் தைத்த சட்டையை எங்கே பார்க்கிறோம்? வெல்வெட் இல்லாமல் போனதில் சோழன் பிழைத்தான் என்றுதான் நினைக்கிறேன்.

ஆள் அதோடு விடவில்லை. இரவு 10 மணிக்குப் பெட்டியை எடுக்க வந்தவர், கிரீடத்தில் 7 கல் உதிர்ந்திருக்கிறது, டிபாசிட் வராது என்றார். அந்தக் கிரீடம் யார் தலையிலும் ஏறவில்லை. பெட்டி திறந்ததும் எங்கள் ஒளியமைப்புத் தம்பி விளையாட்டாகப் படம் எடுத்து வைத்திருந்தான். அதில் அந்த 7 குழிகளும் காலியாகத்தான் இருந்தன. படத்தை அனுப்பினேன். அன்றிலிருந்து என் எண் அவர் போனில் தடை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். போன இடத்தில் எல்லாம் முதல் கேள்வி, எழுத்தில் என்ன இருக்கிறது என்பதுதான். என்னிடம் 22 இருக்கிறது.

ஆகவே, யாருக்கு என்ன உடை என்று பாத்திரம் வாரியாக எழுதி வாங்குங்கள். மன்னன்: வேட்டி, கச்சை, மேலாடை, கிரீடம் என்று இழுத்து எழுதுங்கள், அவர் முகம் சுளித்தாலும் சரி. முந்தைய நாள் இரவுக்குள் உடை வராவிட்டால் முன்பணம் போனது போகட்டும் என்று வீட்டுப் பீரோவுக்குத் திரும்பிவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் நாடகமே வைக்காதீர்கள், பள்ளி ஆண்டுவிழாக்கள் நல்லதையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். நாங்கள் ஜனவரியில்தான் வைத்தோம்.

போன வாரம் புதுக்கோட்டையிலிருந்து ஒரு குழு பேசியது. இன்னாரிடம் உடை எடுக்கலாமா, உங்களுக்கும் செய்திருப்பதாகச் சொல்கிறாரே என்று கேட்டார்கள். அவர் காட்டிய படங்களையும் அனுப்பினார்கள். நான்காவது படத்தில் எங்கள் அமராவதி நிற்கிறாள். மயில்கழுத்துச் சின்னாளப்பட்டு, இடது தோளில் ஊக்கு. ஒரு நாள் வாடகை 3,000 ரூபாயாம்.