‘டிரைவர் ஃப்ரீ’ வைஃபை டாங்கிள் லினக்ஸில் ஓடுமா? பர்மா பஜாரில் வாங்கிய ஒன்று

உங்கள் லினக்ஸின் கர்னல் (அதன் மையப் பகுதி) 6.2 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். அதற்குக் கீழே என்றால் ஒரு சாயங்காலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வாங்குங்கள். யுஎஸ்பி போர்ட்டில் செருகுகிற இந்தச் சின்ன ஏசி600 வைஃபை டாங்கிளைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான், மற்றதெல்லாம் விவரம். ஆனால் அந்த விவரம் தெரியாமல்தான் பலர் இதை வாங்கி மாட்டிப் பார்த்து, ஓடவில்லை என்றதும் லினக்ஸைத் திட்டிவிட்டுத் திரும்பப் பழைய விண்டோஸுக்கே போய்விடுகிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்ற பிறகு எங்கள் தண்டையார்பேட்டை பக்கம் ‘பழைய சிஸ்டத்துல மின்ட் போட்டுக் குடுங்கண்ணே’ (மின்ட் என்பது லினக்ஸில் ஒரு வகை) என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம், அவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இந்த வைஃபை விஷயத்தில்தான்.

விலை ஐநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெட்டியில் சொல்லிக்கொள்ளும்படி பிராண்ட் பெயர் எதுவும் இல்லை. ‘டிரைவர் ஃப்ரீ’ என்று பெரிய எழுத்து, கீழே விண்டோஸ், மேக், ஒரு பென்குயின் என்று வரிசையாகப் படங்கள், 600 எம்பிபிஎஸ் என்று ஒரு பெருமை. (2.4 கிகாஹெர்ட்ஸின் 150-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 433-ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் தூவினால் 600 வந்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது என்பது வேறு விஷயம்.) நமக்கு வேண்டிய ஒரே தகவல், உள்ளே என்ன சிப் என்பது, பெட்டியின் எந்தப் பக்கத்திலும் கிடையாது. கடைக்காரரிடம், “பாய், இதுல எந்த சிப்பு?” என்று கேட்டால், “அதெல்லாம் எல்லாத்துலயும் ஓடும் தம்பி, ஓடலன்னா கொண்டா, மாத்தித் தர்றேன்” என்றார். பில் கிடையாது, வாய் வார்த்தைதான்.

வீட்டில் இருந்தது டெபியன் 12 (இன்னொரு லினக்ஸ் வகை) போட்ட ஒரு டெஸ்க்டாப். டாங்கிளைச் செருகினால் நெட்வொர்க் மெனுவில் ஒன்றும் வரவில்லை, அதற்குப் பதிலாக ஃபைல் மேனேஜரில் புதிதாக ஒரு சிடி டிரைவ் முளைத்தது! உள்ளே விண்டோஸுக்கான ஒரு செட்டப் ஃபைல். இந்தச் சாமான் முதலில் தன்னை ஒரு சிடி என்று காட்டிக்கொள்ளும், விண்டோஸில் அந்த செட்டப்பை ஓட்டியதும் சிடி வேஷத்தைக் கலைத்துவிட்டு வைஃபையாக மாறும். லினக்ஸில் அந்த வேஷத்தை நாம்தான் கலைக்க வேண்டும். டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb, செருகியிருக்கிற யுஎஸ்பி சாமான்களைப் பட்டியல் போடும் கட்டளை) என்று அடித்துப் பாருங்கள். ரியல்டெக் என்று போட்டு ஐடியின் கடைசி நான்கு எழுத்து 1ஏ2பி என்று இருந்தால் அது இன்னும் சிடியாகத்தான் இருக்கிறது. யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற பேக்கேஜ் இருந்தால் இதை அதுவே கவனித்துக்கொள்ளும். இல்லையென்றாலும் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை, அந்த சிடி ஐகானை வலது கிளிக் செய்து எஜெக்ட் கொடுங்கள், போதும். மறுபடி எல்எஸ்யுஎஸ்பி பார்த்தால் ஐடி சி811 என்று மாறியிருக்கும். இப்போது தெரிந்துவிட்டது, உள்ளே இருப்பது ரியல்டெக் 8811சியு.

இங்கேதான் கர்னல் கணக்கு வருகிறது. இந்தக் குடும்பத்து யுஎஸ்பி சிப்புகளுக்கான ஆதரவு, ஆர்டிடபிள்யு88 என்ற டிரைவரில், 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கர்னலில்தான் சேர்ந்தது. டெபியன் 12-இல் இருப்பது 6.1. ஒரே ஒரு படி குறைவு, வயிற்றெரிச்சல்! டெபியன் 13-க்கு மாறினால் 6.12 (ஆறு புள்ளி பன்னிரண்டு, 6.2-ஐ விடப் புதியது) வந்துவிடும், மாற மனசில்லாதவர்கள் பேக்போர்ட்ஸிலிருந்து (பழைய டெபியனுக்கும் புதிய பேக்கேஜ்களைத் தரும் கிடங்கு) புதிய கர்னலையும் ஃபர்ம்வேர்-ரியல்டெக் பேக்கேஜையும் (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள்) மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நான் செய்தது இரண்டாவது. ரீஸ்டார்ட் செய்து, சிடியை வெளியே தள்ளி, பத்து நொடி பொறுத்ததும் எங்கள் தெருவின் வைஃபை பெயர்கள் எல்லாம் வரிசை கட்டி நின்றன.

சரி, நெட்டே இல்லாத கம்ப்யூட்டரில் இதையெல்லாம் எப்படி டவுன்லோட் செய்வது என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு ஃபோனை சார்ஜர் கேபிளில் மாட்டி, செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஈதர்நெட் கார்டாகவே எடுத்துக்கொள்ளும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஃபோன் வீட்டு வைஃபையில் இருந்தால் டேட்டாவும் செலவாகாது. உண்மையைச் சொன்னால், வாரத்துக்கு ஒரு தடவை மெயில் பார்க்கிற ஆளுக்கு டாங்கிளே தேவையில்லை, இந்தக் கேபிளே போதும்.

புதிய கர்னல் வேண்டாம், இருக்கிறதிலேயே ஓட்ட வேண்டும் என்றால் வெளியிலிருந்து சோர்ஸ் எடுத்து டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி கட்டித் தரும் கருவி) மூலம் கம்பைல் செய்யும் வழியும் உண்டு. புதிய ஆர்டிடபிள்யு88-ஐப் பழைய கர்னல்களிலும் ஓடுகிற மாதிரி ஆக்கிக் கொடுத்தவர் லாரி ஃபிங்கர். ரியல்டெக் சிப் வாங்கிவிட்டு முழித்த எத்தனையோ பேருக்கு வருஷக்கணக்காகக் கை கொடுத்த மனிதர், 2024 ஜூனில் காலமானார். இந்த வழியில் இரண்டு சிக்கல்கள். டிரைவரைக் கட்டத் தேவையான கர்னல் ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லையென்றால் கர்னல் அப்டேட் ஆனதும் வைஃபை காணாமல் போகும், காரணம் புரியாமல் டாங்கிள் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். செக்யூர் பூட் ஆன் செய்திருந்தால் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத மாட்யூலை (இங்கே டிரைவரை) கர்னல் உள்ளேயே விடாது, மோக்யுட்டில் (mokutil) என்ற கருவியை வைத்து ஒரு சாவியைப் பதிய வேண்டும், இல்லையென்றால் பயாஸில் போய் அதை ஆஃப் செய்ய வேண்டும்.

அக்கா மகனிடம் ஒரு காலத்தில் அரசு கொடுத்த லேப்டாப் இருக்கிறது. (மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் அவற்றைக் கொடுத்தார்கள், எத்தனை பேர் அந்தப் பக்கம் பூட் செய்தார்கள் என்று கேட்காதீர்கள்.) அதன் உள் வைஃபை கார்டு போய் நாளாகிறது. அதில் மின்ட் 22, கர்னல் 6.8. அதே டாங்கிளைச் செருகியதுதான் தெரியும், தானாகவே மாறி, பாஸ்வேர்டு கேட்டது. “அவ்ளோதானா மாமா?” என்றான். அவனுக்கு அவ்வளவுதான்.

ஓட்டம் எப்படி? 5 கிகாஹெர்ட்ஸில் ரவுட்டர் இருக்கிற அறையிலேயே உட்கார்ந்தால் எங்கள் 100 எம்பிபிஎஸ் பிளான் முழுசாக வருகிறது. ஒரு சுவர் தாண்டினால் பாதி, இரண்டு சுவர் தாண்டினால் 2.4-க்கு இறங்கிவிடுவது நல்லது, ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் மாதிரி தெருக்களில் 2.4-இல் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அத்தனையும் முட்டி மோதுகின்றன, அதில் யூடியூப் ஓடினால் பாக்கியம். அப்புறம், இதை யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்து போர்ட்டில் செருகாதீர்கள். யுஎஸ்பி 3.0 போடுகிற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் வந்து விழுகிறது, டிஸ்க்கில் காப்பி ஓடும்போது வைஃபை திணறுவதை நேரிலேயே பார்க்கலாம். ஒரு சின்ன யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைத்தால் இதுவும் தீரும், சூடும் குறையும். சூடு என்றால் சாதாரண சூடு இல்லை, மத்தியானம் ஒரு பெரிய டவுன்லோட் ஓடிய பிறகு கழற்றப் போய் விரலை உதறினேன்.

நண்பர் ஒருவருக்காக அதே கடையில், அதே அட்டைப்பெட்டி, அதே பென்குயின், இன்னொன்று வாங்கினேன். செருகினால் ரியல்டெக்கே இல்லை, ஏஐசி8800 என்ற வேறு சிப். இதுவும் சிடி வேஷம் போடுகிற ரகம்தான், ஆனால் எஜெக்ட் செய்தாலும் மின்ட்டில் அதற்கு டிரைவர் இல்லை. மலிவு விலையில் ‘வைஃபை 6’ என்று விற்கிற சின்ன டாங்கிள்களில் இந்த சிப் நிறையவே வருகிறது, லினக்ஸுக்கு என்றால் தொடாதீர்கள். திருப்பிக் கொண்டுபோனேன், பாய் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்தத் தடவை லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஒவ்வொன்றாகச் செருகி எல்எஸ்யுஎஸ்பி பார்த்துத்தான் வாங்கினேன். “தம்பி என்ன, ஸ்கேன் சென்டர் வச்சிருக்கியா?” என்று கேட்டார். கேட்கட்டும். பெயருள்ள கம்பெனிகளிலும் ஒரே மாடல் நம்பரில் வெர்ஷன் மாறும்போது சிப் மாறுவது சகஜம், அதனால் மாடல் பெயரை வைத்து யார் சொன்னாலும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

கூடக் கொஞ்சம் காசு போட முடியும் என்றால் மீடியாடெக் பக்கம் போங்கள். எம்டி7612யு சிப்புக்கு 2018-லிருந்தே கர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது, வைஃபை 6 வேண்டும் என்றால் எம்டி7921ஏயு. 2.4 மட்டும் போதும் என்கிறவர்களுக்குப் பழைய ஏதெராஸ் ஏஆர்9271, அதற்கு ஃபர்ம்வேரின் சோர்ஸ்கூடத் திறந்த நிலையில் கிடைக்கிறது. வீட்டில் ஏற்கெனவே ரியல்டெக் 8812ஏயு, 8821ஏயு வைத்துக்கொண்டு கம்பைல் செய்தே சலித்துப்போனவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, 2025 தொடக்கத்தில் வந்த கர்னல்களிலிருந்து அவையும் உள்ளே வந்துவிட்டன. மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போனால் இவற்றில் சிலது கிடைக்கும், கேட்கும்போது சிப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பிஎஸ்டி (லினக்ஸ் மாதிரியே இலவசமான இன்னொரு இயங்குதளக் குடும்பம்) ஆட்கள் இந்த டாங்கிளை மறந்துவிடலாம். ஃப்ரீபிஎஸ்டியில் வைஃபைபாக்ஸ் என்று ஒரு வழி உண்டு, ஒரு குட்டி லினக்ஸை உள்ளே ஓடவிட்டு அதன் டிரைவரைக் கடன் வாங்குவது, ஆனால் அது மதர்போர்டில் இருக்கிற பிசிஐ கார்டுக்குத்தான். ஓப்பன்பிஎஸ்டி என்றால் பழைய ரியல்டெக் 8188சியு எங்காவது கிடைக்கிறதா பாருங்கள், அதற்கு டிரைவர் உள்ளேயே இருக்கிறது, ஃபர்ம்வேரை மட்டும் எஃப்டபிள்யு-அப்டேட் (fw_update) கட்டளை கொண்டு இறக்க வேண்டும், அதற்கும் ஃபோன் டெதரிங் போதும். 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கிடைக்காது.