பால்சாவுக்குப் போகலாம், குழாய்க்கு வேண்டாம்

எஸ்டெஸ் நிறுவனத்தின் மாதிரி ராக்கெட்டான பிக் பெர்தாவின் விட்டம் சுமார் 42 மில்லிமீட்டர். அதை இரண்டேகால் மடங்காக்கினால் 1.5 லிட்டர் போத்தல் உள்ளே அடங்கும், தண்ணீர் ராக்கெட்டாகவே விடலாம் என்றுதான் கோலாலம்பூர் புடுவில் ஒரு ஹாபி கடைக்குப் போனேன். பால்சா என்ற லேசான மரப் பலகை அருமை, கத்தியாலேயே சிறகு வெட்டினேன் (மரத்தின் நார் முன்விளிம்போடு ஓடவேண்டும், இல்லையென்றால் இறங்கும்போதே முறியும்). அட்டைக் குழாய்தான் எரிச்சல். நசுங்கியிருந்தது, மாற்றிக் கேட்டால் "எல்லாமே அப்படித்தான் தம்பி" என்றார் கடைக்காரர். சரி என்று மணிலா அட்டையைப் போத்தலிலேயே சுற்றி ஒட்டினேன். நேராகப் பறக்குமா என்று நூலில் கட்டிச் சுழற்றிப் பார்த்தபோது வால் முந்தியது, மூக்கில் களிமண் திணித்தபின் ஒழுங்கானது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப், கோம்பாக் திடல்: நேராகப் போனது, நாங்கள்தான் நனைந்தோம்.