மாற்றல் வந்தால் லைசென்ஸும் கூட வருமா? அமெரிக்க ராணுவக் குடும்பத்து ஸ்பீச் தெரபிஸ்டுகளுக்கான மூன்று வசதிகள்: ஒரு மதிப்பீடு

அமெரிக்க ராணுவத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வரும். கணவரோ மனைவியோ ஸ்பீச் தெரபிஸ்டாக (பேச்சுக் கோளாறுகளுக்குப் பயிற்சி தருபவராக) இருந்தால் மூட்டை கட்டுவதைவிடப் பெரிய தலைவலி லைசென்ஸ்தான். மாநிலத்துக்கு ஒரு லைசென்ஸ் போர்டு, போர்டுக்கு ஒரு கட்டணம், ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம். இதற்கென்றே இப்போது மூன்று வசதிகள் இருக்கின்றன: ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பாதுகாப்பு தரும் எஸ்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் லைசென்ஸ் பிரிவு, மாநிலங்களுக்கிடையேயான காம்பாக்ட் (ஒப்பந்தம்), லைசென்ஸ் செலவைத் திருப்பித் தரும் 1,000 டாலர் திட்டம். இவற்றில் எது எந்த இடத்தில் கைவிடும் என்று மாற்றல் வருமுன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றிலும் வலுவானது எஸ்.சி.ஆர்.ஏ. கூட்டாட்சிச் சட்டம் என்பதால் எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தும். 2023 ஜனவரியில் இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் லைசென்ஸைப் பயன்படுத்தி வேலை செய்திருக்க வேண்டும் என்று அப்போது ஒரு நிபந்தனை இருந்தது. குழந்தைக்காக வேலையை விட்டவர்கள் அதில்தான் மாட்டிக்கொண்டார்கள். 2024 இறுதியில் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். இப்போது புதிய மாநிலத்தின் போர்டுக்கு விண்ணப்பத்தோடு மாற்றல் உத்தரவின் நகல், திருமணச் சான்று, நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். உத்தரவுக் காலம் முழுக்கப் பழைய லைசென்ஸே செல்லும்.

குறை சட்டத்தில் இல்லை, கவுன்டரில் இருக்கிறது. வேலைக்கு எடுக்கும் ஹெச்.ஆர். ஆட்கள் போர்டின் இணையதளத்தில் பெயரைத் தேடுவார்கள். பெயர் வராவிட்டால் ‘லைசென்ஸ் இல்லை’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். அதனால் உங்கள் லைசென்ஸை ஏற்றுக்கொண்டதாக ஒரு கடிதமோ மின்னஞ்சலோ போர்டிடமிருந்து எழுத்தில் வாங்கி, ரெஸ்யூமேயோடு சேர்த்தே அனுப்புங்கள். தொலைபேசியில் ‘சரி’ என்று சொன்னது எதற்கும் உதவாது.

காம்பாக்ட் வேறு வகை. லைசென்ஸ் உள்ள ஒரு மாநிலத்தை ‘தாய் மாநிலம்’ என்று வைத்துக்கொண்டு, உறுப்பு மாநிலம் ஒவ்வொன்றிலும் கட்டணம் கட்டிப் பணிபுரியும் உரிமை வாங்குவது. காம்பாக்ட் உருவாகத் தேவையான பத்து மாநிலங்கள் 2021லேயே சட்டம் நிறைவேற்றிவிட்டன. ஆனால் மாநிலங்கள் பகிர்ந்துகொள்ளும் தகவல் அமைப்பு தயாராக ஆண்டுக்கணக்கில் ஆனது. எனவே உங்கள் மாநிலம் சேர்ந்துவிட்டதா என்பதோடு, விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிட்டதா என்றும் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

இதன் பலன் ஃபோர்ட் கேம்பல் போன்ற முகாமில் நன்றாகத் தெரியும். அஞ்சல் முகவரி கென்டக்கி. நிலத்தின் பெரும்பகுதி டென்னசி. வீடு டென்னசியின் கிளார்க்ஸ்வில்லில் இருக்கும், வேலை கென்டக்கியின் ஹாப்கின்ஸ்வில்லில் கிடைக்கும். நோயாளி எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநிலத்தில் உங்களுக்கு உரிமை வேண்டும். வீடியோ வழியாகத் தரும் தெரபிக்கும் இதே கணக்குதான். குடியேறிய மாநிலத்துக்கு எஸ்.சி.ஆர்.ஏ. போதும். எல்லை தாண்டிய நோயாளிகளுக்கு காம்பாக்ட்தான் சரி.

ராணுவத் துணைவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. கணவரோ மனைவியோ பணியில் இருக்கும்வரை, ஊர் மாறினாலும் தாய் மாநிலத்தை மாற்ற வேண்டியதில்லை. பொறியும் அங்கேயே இருக்கிறது. தாய் மாநில லைசென்ஸ் காலாவதியானால் மற்ற மாநில உரிமைகளும் அன்றே போய்விடும். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் நீங்கள் காலிசெய்த வீட்டு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும்!

பள்ளி வேலை தேடுபவர்களுக்கு ஒன்று. பல மாநிலங்களில் பள்ளிக்கு போர்டு லைசென்ஸ் போதாது. கல்வித்துறைச் சான்றும் வேண்டும். காம்பாக்ட் அதைத் தொடுவதில்லை. எஸ்.சி.ஆர்.ஏ. அங்கேயும் கைகொடுக்கும்: 2023இல் டெக்சாஸில் விமானப்படை வீரரின் மனைவியான பள்ளி ஆலோசகர் ஒருவர் மாநிலக் கல்வித்துறைமீது வழக்குப் போட்டு, கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜெயித்தார்.

1,000 டாலர் திட்டம் எளிமையானது. ஒவ்வொரு மாற்றலுக்கும் அந்த அளவு வரை, புதிய மாநில லைசென்ஸுக்கும் தேர்வுக்கும் ஆன கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். முதலில் 500 டாலராக இருந்து பிறகு உயர்ந்தது. பணத்தை முதலில் நீங்கள்தான் போட வேண்டும். படைப்பிரிவுக்கு ஏற்பப் படிவம் மாறும். ரசீது, மாற்றல் உத்தரவு, பழைய லைசென்ஸ், புதிய லைசென்ஸ் நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

இந்த மூன்றும் தொடாத இடம்தான் உண்மையில் சம்பளத்தைத் தாமதப்படுத்துவது: இன்சூரன்ஸ் பில்லிங். லைசென்ஸ் செல்லுபடியானாலும் மெடிக்கெய்ட் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. தனியார் இன்சூரன்ஸ் நிறுவனங்களின் சரிபார்ப்பும் சட்டென்று முடியாது. அதுவரை உங்கள் பெயரில் பில் போட முடியாமல், கிளினிக் உங்களுக்கு நோயாளிகளைத் தரத் தயங்கும். சிகிச்சை தருபவர்களை அடையாளம் காட்டும் என்.பி.ஐ. எண்ணின் பதிவில் புது முகவரியை 30 நாளுக்குள் மாற்றிவிடுங்கள். திருமணத்துக்கு முந்தைய பெயரில் பட்டம், பிந்தைய பெயரில் லைசென்ஸ் என்று இருந்தால் எல்லா விண்ணப்பத்தோடும் திருமணச் சான்றின் நகலை வையுங்கள். டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டும். நீங்கள் அனுப்பியது பெரும்பாலும் திரும்பி வரும்.

புதிதாக முதுநிலை முடித்தவர்களுக்கு காம்பாக்ட் கிடையாது. முதலில் வழிகாட்டியின் கீழ் வேலை செய்யும் கிளினிக்கல் ஃபெலோஷிப் முடிந்திருக்க வேண்டும். அது முழுநேரமாக 36 வாரம், மொத்தம் 1,260 மணி நேரம். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றிலும் வழிகாட்டி குறைந்தது 6 மணி நேரம் நேரில் கவனிக்க வேண்டும். வாரம் 5 மணி நேரத்துக்குக் குறைவாகச் செய்த வேலை கணக்கில் வராது. நடுவில் மாற்றல் வந்தால் ஊரை விட்டுக் கிளம்பும்முன் அதுவரையிலான மதிப்பீட்டுப் படிவத்தில் வழிகாட்டியின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். பிறகு அவர் வேலை மாறிப் போய்விட்டால் அந்த மணிநேரங்களை நிரூபிப்பது பெரும்பாடு.

வேலை இல்லாத இடைவெளியிலும் ஆஷாவின் (ஸ்பீச் தெரபிஸ்டுகளின் தேசியச் சங்கம்) சி.சி.சி. என்ற தொழில்தகுதிச் சான்றை விட்டுவிடாதீர்கள். ஆண்டுக் கட்டணம், மூன்று ஆண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி, அவ்வளவுதான். ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ மாற்றல் வந்தால், ராணுவப் பிள்ளைகளுக்கான டோடியா பள்ளிகளும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான எடிஸ் திட்டமும் ஸ்பீச் தெரபிஸ்டுகளை வேலைக்கு எடுக்கின்றன. அங்கிருந்து அமெரிக்க நோயாளிகளுக்கு வீடியோவில் தெரபி தர நினைப்பவர்கள், அங்கு தங்கும் அமெரிக்கப் படையினர் பற்றி அந்த நாட்டோடு அமெரிக்கா செய்துள்ள ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று முகாமின் சட்ட அலுவலகத்தில் கேட்டு, வேலை தருபவரின் சம்மதத்தையும் வாங்கிய பிறகு தொடங்கலாம்.