ஏசி ஜோர், திருகுற குமிழ் எங்கே?
ஆறு மாசமா இந்த ஆட்டோமேட்டிக் காரை ஓட்டுறேன். பிரேக்கை மிதிச்சு 'பி'யிலிருந்து (பார்க்) 'டி'க்கு (டிரைவ்) மாத்தினா போதும், இடது காலுக்கு ஓய்வு. ஏசியும் குறை சொல்ல முடியாது. 24-ல வச்சு 'ஆட்டோ' போட்டா, வெயில்ல நின்ன வண்டியில ஃபேன் முதல்ல சீறும், அப்புறம் தானே அடங்கும்.

ஆனா ஏசிக்குத் திருகுற குமிழே கிடையாது, எல்லாம் தொடுதிரை! ஒரு நாள் நல்ல மழை. உள்காத்தே சுத்துற மாதிரி விட்டிருந்தேன் (என் தப்புதான்). மூச்சு ஈரம் வெளியேறாம முன்கண்ணாடி வெள்ளையா மூடிடுச்சு. வெளிக்காத்துக்கு மாத்தி, ஏசிக் காத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பணும். தெரியும். அதுக்கான குறிப்படத்தைத் திரையில தேடுறதுக்குள்ள வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாப் போச்சு. பழைய வண்டியில ரோட்டைப் பார்த்தபடியே கையால தடவித் திருகியிருப்பேன்.