விட்டுக்கொடுக்கத் தெரிந்த கை: மறுவாழ்வு ரோபோ ஒன்றுடன் எட்டு மாதங்கள்

பக்கவாதத்தால் தோளும் முழங்கையும் பலமிழந்தவர்களுக்கு உரிய மேஜை வகை ரோபோ ஒன்றை எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். நோயாளி அதன் கைப்பிடியைப் பற்றி மேஜைத் தளத்தில் இலக்குகளை நோக்கி நகர்த்துவார்; இயந்திரம் அதற்கு உதவும்; திரை மதிப்பெண் காட்டும். தயாரிப்பாளரின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பல அந்த ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல.

இத்தகைய கருவியை மதிப்பிட விரும்புபவர், எந்தப் பயிற்சியையும் தொடங்காமல் கைப்பிடியைப் பற்றித் தம் கையாலேயே தள்ளிப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை ரோபோ அசைந்து கொடுக்காது. அதன் வேலையே அசையாமல் நிற்பதுதான். மோட்டாரின் வேகத்தைக் கியர் நூறில் ஒரு பங்காகக் குறைத்தால், அந்த மோட்டாரின் நிலைமம், அதாவது அசைவை எதிர்க்கும் இயல்பு, கைப்பிடியில் பத்தாயிரம் மடங்காகத் தெரியும் என்பது எளிய கணக்கு. விரலளவு பலமே மிஞ்சியிருக்கும் ஒருவருக்கு அது சுவரைத் தள்ளுவதற்கு ஒப்பாகும். எங்கள் கருவியில் கியருக்குப் பதிலாக மெல்லிய கம்பிவடங்கள் விசையைக் கடத்துவதால், கைப்பிடி எண்ணெயில் வழுக்குவதைப் போல நகர்கிறது. வடிவமைப்பாளர்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டிய இடம் இது.

இந்தச் சிந்தனை புதியதன்று. இம்பீடன்ஸ் கட்டுப்பாடு என்ற முறையைப் பொறியியலாளர் நெவில் ஹோகன் 1985இல் முன்வைத்தார். கையை இன்ன இடத்தில் நிறுத்து என்று இயந்திரத்துக்கு ஆணையிடாமல், பாதையிலிருந்து கை எவ்வளவு விலகினால் எவ்வளவு விசையுடன் திருப்ப வேண்டும் என்ற உறவை மட்டும் வகுப்பது அதன் சாரம். விறைப்பை விரும்பியபடி மாற்றக்கூடிய ஒரு சுருள்வில் என்று கொள்ளலாம். அவரும் ஹெர்மானோ இகோ கிரெப்ஸும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய எம்ஐடி-மேனஸ் என்ற மறுவாழ்வு ரோபோ அந்த வழியில் பிறந்தது. எங்கள் கருவி அதன் வம்சத்தைச் சேர்ந்தது.

ஆனால் அந்தச் சுருள்வில்லை மென்பொருள் கையாளும் விதத்தில் எனக்குக் கடும் வருத்தம் உண்டு. உதவியின் அளவு, தொடக்கத்திலேயே மிக அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது. நோயாளி ஒருவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் திரையில் அவருடைய மதிப்பெண் ஏறிக்கொண்டே போனதை நான் கண்ணால் கண்டேன். கை நகர்ந்தது, ஆள் நகர்த்தவில்லை. பிழையை இயந்திரம் திருத்திவிடும் என்று தெரிந்தவுடன் நரம்பு மண்டலம் தன் முயற்சியைக் குறைத்துக்கொள்ளும் என்பது இத்துறையில் நன்கறியப்பட்ட செய்தி. தேவைக்கு மட்டும் உதவுதல் என்ற கொள்கையே அதற்கு விடையாக எழுந்தது. அப்படியிருக்க, உதவியைக் குறைக்கும் அமைப்பை மென்பொருளின் மூன்று திரைப்பக்கங்களுக்குள் ஒளித்து வைத்திருப்பது ஏன்? அன்றன்று எவ்வளவு உதவி கொடுத்தோம் என்பதை நாங்கள் தனியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறோம்.

கருவி கைப்பிடியை மட்டும் பற்றுவதால், உடலில் அணியும் வெளிக்கூடுகளைப் போல மூட்டின் அச்சும் இயந்திரத்தின் அச்சும் பொருந்துகின்றனவா என்ற தலைவலி இல்லை. கையை உயர்த்தும்போது தோள்பட்டை எலும்பும் சேர்ந்து நகர்வதால், தோளுக்கு அந்தப் பொருத்தத்தை அமைப்பது உண்மையிலேயே கடினம். ஆனால் இந்தச் சௌகரியத்துக்கும் ஒரு விலை உண்டு: முழங்கையை நீட்டாமல் உடலையே முன்னே சாய்த்து இலக்கைத் தொடுபவரையும் இயந்திரம் பாராட்டுகிறது. பக்கத்தில் ஒரு சிகிச்சையாளர் நின்றே ஆக வேண்டும்.

முன்கை வைக்கும் தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஒரே அளவு, கூரான விளிம்பு, விரைவில் பிடிப்பை இழக்கும் வெல்க்ரோ. தசை இறுக்கம் உள்ளவரை அதில் பொருத்தவே கால் மணி நேரம் ஆகிறது.

பலன் குறித்துக் கேட்பவர்களுக்கு, 770 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ராட்டுல்ஸ் ஆய்வை நினைவூட்டுவேன். எம்ஐடி-மேனஸ் பயிற்சி பெற்றவர்களின் கைப் பயன்பாடு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை. எங்களுக்கும் அதிகம் வியப்பில்லை: மேஜைத் தளத்தில் கையை நகர்த்தப் பழகியவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் திறக்க வேண்டும்; விரல்களை இந்தக் கருவி தொடுவதே இல்லை. சலிக்காமல் நூற்றுக்கணக்கான முறை ஒரே அசைவைச் செய்விக்கும் துணைவனாக இதை வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தை உண்மையான பொருள்களைக் கையாளச் செலவிடுகிறோம்.

கடைசியாக, அவசர நிறுத்தப் பொத்தான். மறுவாழ்வு ரோபோக்களின் பாதுகாப்புக்கென்றே ஐஈசி 80601-2-78 என்ற சர்வதேசத் தரநிலை 2019இல் வெளிவந்திருக்கிறது. இந்தக் கருவியிலோ நோயாளிக்கான பொத்தான் வலப்பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. வலக்கை செயலிழந்தவருக்கு அது எட்டாது. தயாரிப்பாளருக்கு இரண்டு முறை எழுதியும் பதில் வராததால், அத்தகையவர்கள் பயிற்சி செய்யும்போது எங்களில் ஒருவர் அந்தப் பொத்தானின் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.