நான்கு நிமிடத்துக்கு ஒரு ‘டக்’: என் பிரஷர் பம்புடன் ஐந்து ஆண்டுகள்

வீட்டுப் பிரஷர் பம்பிலிருந்து கழற்றிய பிரஷர் ஸ்விட்ச் இதை எழுதும் மேசையின் மேல்தான் கிடக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே தொடுமுனைகள் கருகி, ஒன்றில் சின்னப் பள்ளமே விழுந்திருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் நான் மாற்றிய இரண்டாவது ஸ்விட்ச் இது. மாற்றி முடித்த அன்று மாலையே நண்பன் ஒருவன் அதே பம்பின் பெயரைச் சொல்லி, “உன்னிடம் இருக்கிறதே, வாங்கலாமா?” என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

அரைக் குதிரைத்திறன் மோட்டார், தலையில் 2 லிட்டர் பிரஷர் டேங்க், குழாயின் அழுத்தம் 1.4 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) இறங்கினால் மோட்டாரை ஓடவிட்டு 2.8 பாரில் நிறுத்தும் ஸ்விட்ச். இந்த வகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஷவரில் தண்ணீர் நூலாக வடிந்த காலத்தை இந்தப் பம்பு ஒரே நாளில் முடித்துவைத்தது. மோட்டாரின் சீல் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும்.

என் கோபமெல்லாம் அந்த ‘டக்’ மேல். பகலில் அது காதில் விழாது. இரவு வீடு அடங்கியதும் ‘டக்’, இரண்டு மூன்று விநாடி உறுமல், மறுபடி ‘டக்’. பிறகு அமைதி. யாரும் எந்தக் குழாயையும் திறந்திருக்க மாட்டார்கள். ஓர் இரவு கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணினேன்: சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை. குளிக்கும்போது இன்னும் மோசம், பத்து விநாடிகூடச் சேர்ந்தாற்போல் சும்மா இருக்காது. மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது. அப்போது ஸ்விட்சுக்குள் எழும் பொறிதான் தொடுமுனையைத் தின்றது. மோட்டாரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டர் ஒன்று போனதற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

முதல் ஸ்விட்ச் போனபோது வந்த பிளம்பரிடம், டேங்கில் காற்று பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். “அது கம்பெனியிலேயே அடைத்து வருகிறது சார், அதைத் தொடக் கூடாது” என்றார். நானும் தொடவில்லை. மூன்று ஆண்டுகள் தொடவில்லை.

தொட்டிருக்க வேண்டும். அந்த டேங்குக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. பைக்குள் தண்ணீர், பைக்கும் இரும்புக்கும் நடுவே காற்று. பம்பு நின்றிருக்கும் நேரத்தில் குழாயில் தண்ணீரைத் தள்ளுவது அந்தக் காற்றுதான். டயரில் இருப்பது போன்ற வால்வு ஒன்று டேங்கின் பின்புறத் தொப்பிக்குள் ஒளிந்திருக்கும். டயர் மானியை வைத்துப் பார்த்தேன், 2.1 பார் காட்டியது. காற்று நிறைய இருக்கிறது என்று மூடி வைத்துவிட்டேன். எவ்வளவு பெரிய மடத்தனம்! அது காற்றின் கணக்கே இல்லை, உள்ளிருந்த தண்ணீர் நெருக்கிய அழுத்தம். பம்பின் மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து, கடைசிச் சொட்டுவரை வடிந்த பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும். அப்படி அளந்தபோது முள் 0.3 பாரில் நின்றது. ஓட வேண்டிய 1.4 பாருக்குச் சற்றுக் கீழே, 1.2 அளவில் இருந்திருக்க வேண்டும். சைக்கிள் பம்பால் அடித்து நிரப்பினேன். (வால்வை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் பீய்ச்சினால் பை கிழிந்துவிட்டது என்று பொருள், அடித்துப் பயனில்லை.)

சத்தம் குறைந்தது. நிற்கவில்லை.

பம்பை அடுத்துள்ள வால்வை மூடிவிட்டு அழுத்த மானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் 2.8-ஐ விட்டு அசையவில்லை. ஆக, தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு வழியாக அது பின்னால் இறங்கவில்லை, வீட்டுக்குள்தான் எங்கோ போகிறது. ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் நீல மை ஊற்றி, அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை. திறந்து பார்த்தால் கோப்பையின் உட்சுவரில் மயிரிழை போல ஒரு நீலக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. ஃபிளஷ் தொட்டியின் அடியில் உள்ளங்கை அகல ரப்பர் மூடி ஒன்று வளைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அதை மாற்றிய இரவு, ‘டக்’ கேட்காததாலேயே எனக்குத் தூக்கம் வரவில்லை.

இடையில் ஒரு கிறுக்குத்தனமும் செய்தேன். ஸ்விட்சுக்குள் பெரிய நட்டு, சிறிய நட்டு என்று இரண்டு இருக்கும். சிறியதை முறுக்கினால் ஓடும் அழுத்தத்துக்கும் நிற்கும் அழுத்தத்துக்கும் இடைவெளி கூடும், பம்பு குறைவாக ஓடும் என்று நம்பி முறுக்கினேன். நிற்கும் அழுத்தம் 3.3 பாருக்குப் போய்விட்டது. என் பம்பால் எட்ட முடிந்ததோ அதிகபட்சம் 3.1. எட்டாத உயரத்துக்கு எம்பிக்கொண்டே நிற்காமல் ஓடியது. கை வைத்துப் பார்த்தால் பம்பின் உடம்பு சுட்டது. உள்ளே அடைபட்ட தண்ணீர் கிட்டத்தட்ட வெந்நீராகியிருந்தது. வந்த வழியே நட்டைத் திருப்பினேன்.

குளிக்கும்போது வரும் தொல்லைக்குக் காற்று, கசிவு எதுவும் மருந்தில்லை. 2 லிட்டர் டேங்க் என்றால் 2 லிட்டர் தருமென்று நினைக்க வேண்டாம். காற்று சரியாக இருந்தாலே பம்பு ஓடாமல் அது தருவது சுமார் 0.7 லிட்டர். ஒரு சொம்புத் தண்ணீர்! இரண்டாவது ஸ்விட்ச் கருகிய கோபத்தில் 24 லிட்டர் டேங்க் ஒன்றை நான்-ரிட்டர்ன் வால்வுக்கு அடுத்து, ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே இணைத்தேன். அதே 1.4, 2.8 கணக்கில் இது சுமார் 8 லிட்டர் தருகிறது. ஷவர் ஓடும்போதும் பம்பு ஒரு நிமிடம் வரை சும்மா இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் இந்தப் பம்புக்காக நான் செய்த ஒரே உருப்படியான வேலை இதுதான். டேங்கே இல்லாமல் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் வருபவையும் இருக்கின்றன. குழாய் திறந்திருக்கும்வரை நிற்காமல் ஓடுவதால் குளியலில் தொல்லை இல்லை. ஆனால் சொட்டுக் கசிவு இருந்தால் அவையும் இரவில் விழித்துக்கொள்ளும்.

மதிப்பெண் கேட்டால், மோட்டாருக்கு ஐந்துக்கு நான்கரை தாராளமாகத் தருவேன். முழுப் பொருளுக்கு இரண்டு. கையேட்டில் காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் மூன்றரை தந்திருப்பேன். ஸ்விட்சை இரண்டு முறை மாற்றியவனிடம் இதற்கு மேல் நியாயம் எதிர்பார்க்காதீர்கள். பம்பு இப்போது அருமையாக ஓடுகிறது.

நண்பனிடம் வாங்காதே என்றேன். வாங்கிவிட்டான். நேற்று இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். எதுவும் பேசவில்லை, போனைப் பம்பின் பக்கம் நீட்டியிருக்கிறான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, ‘டக்’.

“முதலில் குழாயைத் திறந்து எல்லாத் தண்ணீரையும் வடித்துவிடு” என்றேன். “உன் சைக்கிள் பம்பு கிடைக்குமா?” என்று கேட்டான்.